மலை இறக்கத்துல கட்டையான பிரேக்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன மாசம் ஏற்காட்டுலேர்ந்து சேலத்துக்கு இறங்கிட்டு இருந்தோம், இருபது கொண்டை ஊசி வளைவுல பாதி தாண்டியிருப்போம், திடீர்னு பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சு, ஹேண்ட் பிரேக்கையும் சேத்து இழுத்து ஒரு வழியா ஓரங்கட்டினேன். அரை மணி நேரம் பானெட்டைத் திறந்து போட்டுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி பிடிக்குது! என்னுது 2006 மாடல் பெட்ரோல் கார். வீட்டுக்காரம்மா அன்னிலேர்ந்து மலைன்னா பஸ்ஸுதான்.

முதல் ஒர்க்‌ஷாப்ல பிரேக் பேட் மாத்தினாங்க, ரெண்டாவது இடத்துல, பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரே மாத்தினாங்க. ரெண்டு பேருமே காலையில ஆறின வண்டியை தெருவுல ஒரு ரவுண்டு ஓட்டிட்டு "நல்லாத்தானே பிடிக்குது சார்"னாங்க. பில்லு மட்டும் ஏறுச்சு, வியாதி போகலை.

கடைசியில பட்டறை வெச்சிருக்கிற ஒரு பெரியவர்தான் "பெடல் இறுகுச்சா, இல்ல உள்ள போச்சா?"ன்னு கேட்டாரு. யாருமே கேக்காத கேள்வி. மிதிச்சுட்டே இருக்கப்போ மெல்ல உள்ள இறங்கினா மாஸ்டர் சிலிண்டர் இல்லேன்னா ஆயில் லீக், கொழகொழன்னு இருந்தா காத்து ஏறியிருக்கலாம் இல்ல பிரேக் ஆயில் கொதிச்சிருக்கலாம், கல்லு மாதிரி இறுகினா மொதல்ல பூஸ்டர் பக்கம், அதாவது நம்ம மிதிக்கு பலம் சேக்குற பாகத்தைப் பாக்கணுமாம். இன்ஜின் காத்தை உறிஞ்சுறப்போ உண்டாகுற வேக்கம்தான் (காத்து குறைஞ்ச வெற்றிடம்) பூஸ்டருக்கு பலம், அது ஒரு ரப்பர் ஹோஸ் வழியா, காத்தை ஒரு பக்கமா மட்டும் விடுற ஒன்வே வால்வைத் தாண்டி வருது. (டீசல் வண்டிக்கு தனியா வேக்கம் பம்ப் இருக்கும்.)

அவர் காட்டின டெஸ்ட்டுக்கு கால் மட்டும் போதும். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பெடலை அஞ்சாறு தடவை மிதிச்சா இறுகிடும், அப்படியே மிதிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுனா பெடல் லேசா கீழ இறங்கணும், இறங்கலைன்னா வேக்கம் வரலை இல்ல பூஸ்டர் போச்சு. அதே மாதிரி கொஞ்ச நேரம் ஓடின இன்ஜினை ஆஃப் பண்ணி சில நிமிஷம் கழிச்சு மிதிச்சா முதல் மிதி லேசாவே இருக்கணும், எடுத்தவுடனே இறுகினா ஒன்வே வால்வ் பிடிக்கலை இல்ல எங்கயோ காத்து கசியுது. மிதிக்கிறப்போ உஸ்ஸுன்னு சத்தம் நிக்காம வந்தா பூஸ்டர் உள்ள இருக்கிற டயாஃப்ரம்ங்கிற ரப்பர் சவ்வு கிழிஞ்சிருக்கலாம்.

என் வண்டி ஆறியிருந்தப்போ இது எல்லாத்துலயும் பாஸ்! அவர் விடலை, ஏசி போட்டு ஒரு மணி நேரம் வெயில்ல ஓட்டிட்டு வந்து அதே டெஸ்ட்டை மறுபடி பண்ணாரு, அப்பத்தான் மாட்டுச்சு. ஹோஸ் சூட்டுல இளகி, அது வளையுற இடத்துல உள்பக்கமா ஒட்டிக்குது, பூஸ்டருக்கு வேக்கம் போகலை, ஆறினா விரிஞ்சிடுது. சில நூறு ரூபாய் சாமான்.

இன்னொண்ணு, பெட்ரோல் மிச்சம்னு இறக்கத்துல இன்ஜினை ஆஃப் பண்ணி உருட்டுறாங்களே, அவங்க வேணும்னே பூஸ்டரை நிறுத்துறாங்க, ரெண்டு மூணு மிதிக்கு மேல பெடல் இறுகிடும்.

15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்சி ரினியூவல் பண்றப்போ, சூடான இன்ஜின்ல இந்த டெஸ்ட்டையும் சேத்துப் பாக்கணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன். ரினியூவலுக்கு என் வண்டியைப் பாத்தவர் பத்தடி ஓட்டிப் பாத்து அனுப்பிட்டாரு.

இப்படிக்கு,
பழைய கார் வெச்சிருக்கிற ஒரு வாசகர், சேலம்