பணம் கட்டுவதற்கு முன்னால், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ சொன்ன ஆன்லைன் பிபிஏ விஷயம் மனதிலேயே நிற்கிறது. போனில் பேசினால் பாதியில் கம்பெனி பஸ் வந்துவிடும், "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன், வார லீவில் உட்கார்ந்து முழுதாகப் படி.

நீ டிகிரி படிக்கப் போகிறேன் என்றதில் எனக்கும் அம்மாவுக்கும் அவ்வளவு சந்தோஷம். அம்மா அதற்குள் எதிர்வீட்டு அத்தையிடம் சொல்லிவிட்டாள். லைன் லீடர் ஆவதற்கு டிகிரி கேட்கிறார்கள், குரூப் 2 எழுதவும் டிகிரி வேண்டும், ஒரு டிகிரி முடித்தால் இரண்டுக்கும் ஆகும் என்று நீ யோசித்தது ரொம்பச் சரி. வேலையை விடாமல் படிக்கலாம் என்று நினைப்பதும் சரி. ஆனால் அந்தப் பெங்களூர் நம்பரிலிருந்து பேசுகிறவர் அனுப்பிய லிங்கில் இன்னும் பணம் கட்டிவிடவில்லையே? கட்டாதே. இதைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது கட்டாதே.

அவர் சொன்னதையெல்லாம் நீ எனக்குச் சொன்னாய். நாக் ஏ பிளஸ் பிளஸ் பல்கலைக்கழகம், யூஜிசி அப்ரூவ்டு, மாதம் நாலாயிரம் கட்டினால் போதும், வட்டி கிடையாது, இன்று ராத்திரிக்குள் கட்டினால் பத்தாயிரம் தள்ளுபடி. இதில் எதுவுமே நீ கேட்கவேண்டிய கேள்விக்குப் பதில் ஆகாது. நாக் என்பது கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தரம் போடுகிற அமைப்பு, அந்தத் தரம் பல்கலைக்கழகம் முழுவதையும் பார்த்துக் கொடுப்பது. நீ சேரப்போகிற அந்த ஆன்லைன் பிபிஏவை அந்தப் பல்கலைக்கழகம் இந்த வருடம் நடத்தலாமா கூடாதா என்பது தனி விஷயம். அதைச் சொல்வது யூஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, சுருக்கமாக டெப் என்பார்கள். டெப் தளத்தில் ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் பட்டியல் போடுகிறார்கள், ஜூலை சேர்க்கைக்கு, ஜனவரி சேர்க்கைக்கு என்று பார்க்கவேண்டும். அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் படிப்பு, தொலைநிலையா ஆன்லைனா, எந்தச் சேர்க்கை, இந்த மூன்றும் நீ சேர்வதோடு பொருந்தவேண்டும். பிகாமுக்கு அனுமதி வாங்கிய இடம் பிபிஏவுக்கு வாங்காமல் இருக்கலாம். தொலைநிலைக்கு இருக்கும், ஆன்லைனுக்கு இருக்காது. போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லாமல் போகலாம்.

இது ஏட்டில் இருக்கிற சட்டம் என்று நினைத்துவிடாதே பாப்பா, மஞ்சக்குப்பம் கடையில் உட்கார்ந்து அப்ளிகேஷன் போட்டுக்கொடுக்கிற எனக்கு இது கண்ணெதிரே நடக்கிற விஷயம். நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு பையன் சர்டிபிகேட்டை ஸ்கேன் எடுக்க வந்தான். நல்ல கம்பெனியில் வேலை கிடைத்து, சர்டிபிகேட் சரிபார்ப்பில் திரும்பி வந்திருக்கிறது. ஏதோ ஒரு மாடியில் இருந்த "ஸ்டடி சென்டர்" மூலமாக வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறான், பணம் கட்டியது அங்கே, பரீட்சை எழுதியது அங்கே, மார்க் ஷீட் வாங்கியதும் அங்கே. அவன் சேர்ந்த வருடத்துப் பட்டியலைத் திறந்து அவனிடமே காட்டினேன். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது, அவன் படித்த படிப்பு இல்லை. "அண்ணா, பேர் இருக்கே, பேர் இருக்கே" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். மூன்று வருடம் டெலிவரி வேலை பார்த்துக்கொண்டே படித்த பையன். அவனுக்கு என்ன சொல்வது? உனக்கு அப்படி ஒரு நாள் வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

2020ஆம் வருடத்து யூஜிசி விதிகளின்படி, பல்கலைக்கழகம் தன் தொலைநிலைப் படிப்பையோ ஆன்லைன் படிப்பையோ இன்னொருவருக்குக் குத்தகைக்கு விட முடியாது. 2022 ஜனவரியில் ஆன்லைன் கல்விக் கம்பெனிகளைக் குறிப்பிட்டே, அவர்களிடம் இப்படிக் குத்தகைக்கு விடக்கூடாது என்று யூஜிசி எச்சரித்தது. 2023 டிசம்பரில் இன்னொரு அறிவிப்பு, இப்படிப்பட்ட கம்பெனிகளோடு சேர்ந்து வெளிநாட்டுக் கல்லூரிகள் கொடுக்கிற டிகிரி இங்கே செல்லாது என்று. அதனால் உன்னோடு பேசுகிறவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், அவர் பல்கலைக்கழகத்தின் ஆள் இல்லை, ஆள் சேர்த்தால் கமிஷன் வாங்குகிறவராகத்தான் இருக்கும். நீ சேர்வதாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில்தான் சேரவேண்டும், பணமும் அங்கேதான் போகவேண்டும். பல்கலைக்கழகமே போலியாக இருப்பதும் உண்டு. யூஜிசி வெளியிடுகிற போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் புதுச்சேரி முகவரியோடு ஒரு பெயர் பல வருடமாக இருக்கிறது. நமக்குப் பக்கத்து ஊர்தான்.

ஆன்லைனில், தபாலில் படித்தால் மதிப்பு இருக்காது என்று உன் ஹாஸ்டலில் யாரோ சொன்னதாகச் சொன்னாய். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. முறையான அனுமதியோடு படித்த தொலைநிலை டிகிரியும் ஆன்லைன் டிகிரியும் நேரில் போய்ப் படித்த டிகிரிக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யூஜிசி தெளிவாகவே அறிவித்துவிட்டது. உன் பெரியப்பா கரஸில், அதாவது தபால் வழியில்தான் பிகாம் படித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் 1979இலேயே அஞ்சல் வழிப் படிப்பைத் தொடங்கியது, இந்த மாவட்டத்தில் பகலில் வேலைக்குப் போய் ராத்திரி படித்து மேலே வந்த குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. எந்த வழியில் படித்தாய் என்று பார்க்கிறவர்களைவிட, அனுமதி இருந்ததா என்று பார்க்கிறவர்கள்தான் இனி அதிகம்.

இன்னொன்று, இது நீயே யோசிக்கவேண்டியது. ஆன்லைன் என்றதும் சுலபம் என்று தோன்றுகிறது. ஆன்லைன் படிப்பில் பல இடங்களில் பரீட்சையும் கேமரா முன்னால்தான். லேப்டாப் வேண்டும், நெட் நடுவில் அறுந்துபோகக்கூடாது, அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, பின்னால் ஒரு குரல் கேட்டால்கூடக் கேள்வி வரும். உன் அறையில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குகிறவள் ஒருத்தி, கிளம்புகிறவள் ஒருத்தி, போனில் பேசிக்கொண்டிருப்பவள் ஒருத்தி. அங்கே மூன்று மணி நேரம் எப்படி எழுதுவாய்? அதனால் உனக்குத் தொலைநிலைப் படிப்புதான் தோதாக இருக்கும் என்று அப்பாவுக்குத் தோன்றுகிறது. புத்தகம் கையில் இருக்கும், பரீட்சை ஒரு மையத்தில் பேனா பிடித்து எழுதலாம். பரீட்சை சமயத்தில் லீவு கேட்கவேண்டியிருக்கும் என்பது ஒன்றுதான் கஷ்டம், அதை உன் சூப்பர்வைசரிடம் இப்போதே சொல்லி வைக்கலாம்.

என்னைக் கேட்டால் பிபிஏவைவிட பிகாம். பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்து அக்கவுண்டன்சியில் அவ்வளவு மார்க் வாங்கியவள் நீ, அது இன்னும் கையில் இருக்கும். பாங்க் பரீட்சைக்கும் குரூப் 2க்கும் எந்த டிகிரியும் போதும், பிகாம் இருந்தால் டேலி என்கிற கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் தெரிந்த பெண் என்று கடலூரில்கூட வேலை கிடைக்கும். இடம் என்று பார்த்தால் முதலில் இக்னோ. 1985இல் தொடங்கிய மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். வருடத்துக்குச் சில ஆயிரத்துக்குள் பிகாம் படித்துவிடலாம், பரீட்சைக்குத் தாள் கணக்கில் தனியாகக் கட்டவேண்டும், அதையும் சேர்த்துக்கொள். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது, மூன்று வருடப் படிப்பை ஆறு வருடத்துக்குள் முடிக்கலாம் என்பது. ஒரு ஜூன் பரீட்சைக்கு ஓவர்டைம் விடவில்லை என்றால் டிசம்பரில் எழுதிக்கொள்ளலாம், படிப்பு போய்விடாது. பாடப் புத்தகம் எல்லாம் இஞான்கோஷ் என்ற அவர்கள் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது, சேர்வதற்கு முன்னாலேயே ஒரு பாடத்தை இறக்கிப் படித்துப் பார், புரிகிறதா, பிடிக்கிறதா என்று. ஆனால் அசைன்மென்ட் இருக்கும், மார்க்கில் 30 சதவீதம் அதற்குத்தான், அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய் மாட்டிக்கொள்கிற பிள்ளைகளைக் கடையில் நிறையப் பார்த்துவிட்டேன். இங்கிலீஷில் படிப்பது பாரமாக இருக்கும் என்று தோன்றினால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2002இல் நம் அரசு தொடங்கியது, தமிழ் வழியிலும் படிக்கலாம். இரண்டிலும் அதே மாதிரி டெப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் சேரவேண்டும். அரசுப் பல்கலைக்கழகம்தானே என்று விட்டுவிடாதே.

சென்னை ஐஐடியின் டேட்டா சயின்ஸ் படிப்பைப் பற்றியும் கேட்டாய். அது நிஜமான, நல்ல படிப்பு. 2020இல் ஆரம்பித்தார்கள், ஜேஇஇ வேண்டாம், சில வாரம் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேறினால் சேரலாம். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்ததற்கு சர்டிபிகேட்டோ டிப்ளமாவோ உண்டு. பாடம் ஆன்லைனில், பரீட்சை நேரில் மையத்தில். முழு பிஎஸ் பட்டம் வரை போனால் மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 75 சதவீதம் வரை சலுகையும் இருக்கிறது. ஆனால் வாரா வாரம் பாடம், கணக்கு, புரோகிராமிங். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிற இந்த வேலையோடு அதை இழுப்பது பெரிய பாடு. உனக்கு அதில் ஆசை இருந்தால் தடுக்கமாட்டேன், பிகாம் படித்துக்கொண்டேகூட இன்னொன்று சேரலாம் என்று 2022இலேயே விதி வந்துவிட்டது. முதலில் ஒன்றில் காலூன்று.

அந்த வட்டியில்லாத மாதத் தவணையைப் பற்றி இரண்டு வார்த்தை. அது பல்கலைக்கழகம் கொடுக்கிற தவணையாக இருக்காது, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உன் பெயரில் கொடுக்கிற கடன். பணம் மொத்தமாக அன்றைக்கே அவர்களுக்குப் போய்விடும், நீ பாதியில் படிப்பை விட்டாலும் கடன் நிற்காது. ஒரு மாதம் தவறினால் சிபிலில், அதாவது நாம் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வைக்கிற பதிவில் ஏறும். நாளைக்கு நீயே ஒரு ஸ்கூட்டி வாங்கப் போனால்கூட அது முன்னால் வந்து நிற்கும். இருபத்து மூன்று வயதில் அது வேண்டாம் கண்ணு.

உன்னோடு இருக்கிற சேலத்துப் பெண் பிளஸ் டூ எழுதாமலே டிகிரி சேரலாமா என்று கேட்டதாகச் சொன்னாயே, அவளிடம் சொல்லு, தமிழ்நாடு அரசு வேலைக்குப் பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசை வேண்டும். அவள் முதலில் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதட்டும். ஆன்லைனில் நர்சிங் என்றாலும் நம்பவேண்டாம். நர்சிங், இன்ஜினியரிங், சட்டம், பார்மசி எதையும் இப்படி நடத்த அனுமதியே கிடையாது. 2025 ஜூலை சேர்க்கையிலிருந்து சைக்காலஜியையும் நிறுத்திவிட்டார்கள்.

சரி, இப்போது நீ செய்யவேண்டியது. டெப் ஐடி என்று ஒன்று எடுக்கவேண்டும், அது இல்லாமல் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேர முடியாது. அதற்கு முன்னால் டிஜிலாக்கரில் ஏபிசி ஐடி, அதாவது நீ படித்து வாங்குகிற கிரெடிட்டைச் சேர்த்து வைக்கிற கணக்கின் எண். இதற்கெல்லாம் ஆதாரோடு இணைத்த நம்பர் உன்னிடம் இருக்கவேண்டும், உன் ஆதாரில் இன்னும் என் பழைய நம்பர் இருக்கிறதா என்று பார். ஆதாரில் உன் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது, மார்க் ஷீட்டில் முன்னால் இருக்கிறது. இதைச் சரிசெய்துவிட்டு ஐடி எடுக்கலாம், பிறகு மாற்றுவது பெரிய அலைச்சல். உன் பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டிசியும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. 2024 ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணைக் கரைப் பக்கம் தண்ணீர் புகுந்து எத்தனையோ பிள்ளைகளின் சர்டிபிகேட் நனைந்து போனதைப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து வைத்திருக்கிறேன், இன்றைக்கே அனுப்புகிறேன்.

அந்த ஆள் மறுபடி கூப்பிட்டால் சண்டை போடவேண்டாம். டெப் பட்டியலில் இந்த சேர்க்கைக்கு இந்தப் படிப்பு இருக்கிற பக்கத்தை அனுப்புங்கள் என்று மட்டும் கேள். அவர் எதை அனுப்பினாலும் எனக்கு அனுப்பு, நானும் தளத்தில் ஒத்துப் பார்க்கிறேன். நீ இக்னோவோ தமிழ்நாடு திறந்தநிலையோ எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வருடக் கட்டணம் நான் கட்டுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. அம்மாவும் அதையேதான் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா
கடலூர்