பாரிஸ் வீதி மாளிகைகளின் பின்கட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகள் விடுதிகளாக மாறிவருவது குறித்து வருந்தி எழுதப்பட்ட தங்கள் கட்டுரையைப் படித்தேன். இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சு ஆட்சிப்பகுதியான ரியூனியன் தீவின் தலைநகர் சான் தெனியில் வாழும் நான் அந்த வருத்தத்தில் பாதியை மட்டுமே ஏற்கிறேன்.

இந்நகரின் பாரிஸ் வீதியில், 19ஆம் நூற்றாண்டில் செல்வக் குடும்பங்கள் எழுப்பிய மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, ஆயர் இல்லமாக இருந்து, 1912இல் கவிஞர் லெயோன் தியெர்க்ஸ் பெயரிலான அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கரேர் குடும்பத்தார் வாழ்ந்த வீடு சுற்றுலா அலுவலகமாயிற்று. 1976 முதல் 1981 வரை பிரான்சின் பிரதமராக இருந்த ரேமோன் பார் சிறுவயதில் வளர்ந்த வீட்டுக்கு, பழைய கட்டடங்களைப் பேணும் அரசுத் துறையே குடிவந்தது. புயலும் கரையானும் விடாத ஊரில் பூட்டிக் கிடக்கும் மரவீடு நெடுநாள் நிற்காது என்பதால், இந்த மாற்றங்களை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் அருங்காட்சியகத்துக்குள் எவரும் போகலாம். அலுவலகமான வீட்டுக்குள் அலுவலின்றி நுழைவது எளிதன்று.

இவ்வகை மாளிகைகளின் மதிலோரத்தில், வீட்டுப் பெண்கள் உள்ளிருந்தபடியே தெருவை வேடிக்கை பார்க்க 'கேத்தாலி' என்னும் சிறு மண்டபம் இருப்பதுண்டு. வழிப்போக்கரை உட்காரச் சொல்லும் நம் திண்ணைக்கு அது நேர் எதிரானது. அதைச் சுற்றுலாப் பயணிகள் ஆவலுடன் படமெடுக்கிறார்கள். தீக்கு அஞ்சி வீட்டிலிருந்து தள்ளிக் கட்டப்பட்ட சமையற்கூடத்தையும் வேலையாட்களின் அறைகளையும் படமெடுப்போர் அரிது. 1848 டிசம்பர் 20இல் விடுதலை அறிவிக்கப்படும்வரை அங்கு அடிமைகள் உழைத்தார்கள். பிறகு, புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம்மவரிலும் சிலர் அந்த வேலைக்கு வந்தார்கள். என் கொள்ளுப்பாட்டி இத்தகைய ஒரு வீட்டில் துணி வெளுத்தார் என்று எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். அது எந்த வீடு என்பது இன்று எவருக்கும் தெரியாது.

வீடு விடுதியாகட்டும், அலுவலகமாகட்டும், வாகனம் நிறுத்த இடம் தேவைப்படும்போது எளிதில் இடிபடுவது பின்கட்டுதான். ஆகவே, பயன்பாட்டை மாற்ற அனுமதி வழங்குவோர் முகப்புக்கு விதிக்கும் நிபந்தனைகளைப் பின்கட்டுக்கும் விதிக்க வேண்டும். காரைக்குடிப் பகுதி விடுதிகளில் அடுப்படிக் கட்டு என்னவாயிற்று என்பதைத் தங்கள் கட்டுரையாளர் நேரில் பார்த்து எழுதினால், கடல் கடந்து வாழும் எங்களைப் போன்ற வாசகர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
சான் தெனி, ரியூனியன்