எங்கள் வாசல் கதவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

கோத்தகிரி,
மார்கழி.

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வாசல் கதவு ஐப்பசிக் கடைசியில் மறுபடி நிலையில் ஏறியது. அதற்குப் பிறகு பெய்த மழையை நீங்களும் பார்த்தீர்கள். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அத்தனை ஈரத்திலும் கதவு தரையில் உரசவில்லை, ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கீலைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீயே அடிச்சதா?" என்று கேட்கிறார்கள். "ஆமாம்" என்று சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு மனசு உறுத்துகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். வந்த வரவை எழுதாமல் விட்டால் அது தப்புக் கணக்கு. அதனால்தான் இந்த மடல்.

அந்தக் கதவு தாத்தா காலத்துக் கதவு. ஒரே பலகை போலத் தோன்றும் கனமான மரம், ஏறக்குறைய 40 கிலோ. மூன்று முறை கடையில் கீல் வாங்கிப் போட்டோம். ஒவ்வொரு முறையும் மேல் கீலின் திருகாணிகள் கழன்றுகொண்டு வந்தன. போன வருட மழையில் ஒரு ராத்திரி கதவு அப்படியே சாய்ந்து, அம்மா அதைத் தோளால் தாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அதுவரை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கொக்கி, அடுப்புக் குறடு, தோட்டத்துக்குக் களைக்கொத்து என்று சின்னச் சின்ன இரும்பு வேலை பழகிக்கொண்டிருந்தேன். பொழுதுபோக்குதான். அன்றைக்கு ராத்திரி கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுப் படுத்தபோது, இதற்கு நானே கீல் அடிப்பது என்று முடிவு செய்தேன். கதவின் அகலத்தில் பாதிக்கு மேல் ஓடுகிற நீளப் பட்டை, அதன் நுனியில் சுருட்டிய கண், நிலையில் அடித்து இறக்கிய முளையில் அந்தக் கண்ணை மாட்டுவது. பழைய பங்களாக் கதவுகளில் பார்த்திருப்பீர்கள்.

முதல் நன்றி காய்கறி லாரி ஓட்டும் அண்ணனுக்கு. அதுவரை இரும்பை வைத்து அடிக்க என்னிடம் இருந்தது ஒரு கனத்த இரும்புத் துண்டுதான், பட்டடை என்று சொல்லிக்கொள்ள முடியாது. மேட்டுப்பாளையத்தில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்டுக்கொண்டிருந்த ஒரு பட்டறையை மூடும்போது, அங்கிருந்த பட்டடையை விலைக்குக் கேட்டு வைத்துவிட்டேன். 70 கிலோ. பஸ்ஸில் ஏற்ற முடியாது. கேரட்டும் முட்டைக்கோஸும் மண்டியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய அண்ணன், "ஏறு அம்மணி, இதென்ன பெரிய பாரம்" என்று சொல்லி, 33 கிலோமீட்டர் மலைப்பாதையில் கொண்டுவந்து வீட்டு வாசலிலேயே இறக்கினார். வாடகை வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார்.

அடுத்தது, மேல் வீட்டு அத்தை. உலைக்கு நான் வாங்குவது ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேலக் கரி. கீழே சமவெளியில் அது பிரச்சினையே இல்லாத கரி. இங்கே பனிமூட்டம் நாலு நாள் நின்றால் மூட்டைக்குள் ஈரம் ஏறிவிடும். ஈரக் கரி சீக்கிரம் பிடிக்காது, பிடித்தால் வெடித்துத் தெறிக்கும். அத்தை தன் விறகடுப்புக்கு மேலே இருக்கும் பரணைக் காலி செய்து, "உன் மூட்டையை இங்க போடு, புகையிலயே காஞ்சு கிடக்கும்" என்றார். ஒரு வருடம் அவர் பரணில் என் கரிதான் இருந்தது. அவருடைய பழைய பாத்திரங்கள் எல்லாம் அதுவரை கட்டிலுக்கு அடியில் இருந்தன என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

எங்கள் தொழிற்சாலை ஃபிட்டர் அண்ணனுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. பழைய லாரி பிரேக் டிரம்மை உலையாக மாற்றி, அடியில் காற்றுக் குழாய் வைத்து, உள்ளே களிமண் பூசிக் கொடுத்தவர் அவர். ஆனால் நான் சொல்ல வந்தது அவர் போட்டுக் காட்டிய ஒரு கணக்கை. முளையின் தடிமன் 12 மில்லிமீட்டர். அப்படியானால் கண்ணைச் சுருட்ட எவ்வளவு நீளம் வேண்டும்? பன்னிரண்டை 3.14 ஆல் பெருக்கி, ஏறக்குறைய 38 என்று குறித்துக்கொண்டு அடித்தேன். கண் மூடவே இல்லை, வாய் பிளந்து நின்றது. அண்ணன் ஒரு ரப்பர் துண்டில் மூன்று கோடு போட்டு வளைத்துக் காட்டினார். உள்பக்கக் கோடு நெருங்குகிறது, வெளிப்பக்கக் கோடு நீள்கிறது, நடுக்கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே முளையின் தடிமனோடு பட்டையின் தடிமனையும் கூட்ட வேண்டும். 12 உடன் 6, மொத்தம் 18. அதை 3.14 ஆல் பெருக்கினால் 56.5. தினமும் கணக்கோடு இருக்கிற எனக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "இரும்புக்கும் தடிமன் இருக்கில்ல பாப்பா" என்றார், அவ்வளவுதான்.

கடைக் கீல் ஏன் கழன்றது என்பதையும் அவர்தான் சொன்னார். கதவு 3 அடி அகலம், அதன் எடை நடுவில் இருப்பதாக வைத்தால் கீலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. இரண்டு கீலுக்கும் நடுவே 5 அடி. 40 கிலோவை ஒன்றரையால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் 12 கிலோ. அந்த விசையோடு மேல் கீலைக் கதவு எப்போதும் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், கீழ்க் கீலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முக்கால் அங்குலத் திருகாணி அதை எத்தனை மழைக்குத் தாங்கும்? அதைக் கேட்ட பிறகுதான் முளையின் வாலை 6 அங்குலத்துக்கு நீட்டினேன்.

இப்போது ஐயாவைப் பற்றி. கோத்தகிரி என்ற பெயரிலேயே கோத்தர் பழங்குடியினர் இருக்கிறார்கள். இந்த மலையில் படுகர், தோடர், குறும்பர் எல்லோருக்கும் அரிவாளும் கோடரியும் கொத்தும் அடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அதற்குத் தானியமாகவும் நெய்யாகவும் வாங்கிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. இதெல்லாம் நான் சிறுவயதிலிருந்து கேட்டதுதான். ஆனால் பச்சைத் தேயிலைக் கணக்குப் பார்க்க எங்கள் அலுவலகத்துக்கு வருகிற கோத்தர் பெரியவர், சின்ன வயதில் தன் அப்பாவுக்குத் துருத்தி ஊதியவர் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். என் முதல் கீலை மேசை மேல் காகித எடையாக வைத்திருந்தேன். அவர் அதை எடுத்துத் திருப்பினார். கண்ணுக்குப் பின்னால், கழுத்தில், மயிரிழை போல ஒரு விரிசல். அதை நகத்தால் தடவினார்.

"கருத்த பிறகும் அடிச்சிருக்கீங்க" என்றார். அப்புறம், "இது லாரி வில்லுப் பட்டை தானே? கத்திக்கு ஆகும், உளிக்கு ஆகும். கதவுக்கு எதுக்கும்மா இவ்வளவு கோபக்கார இரும்பு?"

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்தது என்றுதான் அதை வாங்கினேன். உறுதியான இரும்பு என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்ற நினைப்பு. அது சூடு குறைந்ததும் விறைத்துக்கொள்ளும், மேலே அடித்தால் வெடிக்கும். எம்எஸ் என்கிற சாதாரண மென் எஃகுப் பட்டைதான் கீலுக்கு ஏற்றது. அடிக்கு இணங்கும், கனம் ஏறினால் வளையுமே தவிர உடையாது.

அடுத்த ஞாயிறு ஐயா வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் ஒரு பழைய குறடோடு. பட்டையின் நுனியை முதலில் உளி வாய் போல மெலிய அடிக்கச் சொன்னார். அப்போதுதான் கண் மூடும் இடத்தில் படி தெரியாது. நுனியை மட்டும் பழுத்த ஆரஞ்சுத் தோல் நிறத்துக்குக் காய்ச்சி, பட்டடையின் விளிம்புக்கு வெளியே கொஞ்சமாக நீட்டி மெல்லத் தட்டி வளைத்தார். திருப்பிப் போட்டார். நுனியைத் தன் பக்கமாகத் தட்டித் தட்டிச் சுருட்டினார். ஒவ்வொரு அடியும் ஏதோ தூங்குகிற குழந்தையைத் தட்டுவது போல. கடைசியில் முளையை உள்ளே விட்டு இரண்டு தட்டு. நான்கு சூட்டில் முடிந்தது. நான் பதினொரு முறை உலையில் வைத்து எடுத்த வேலை அது. பலமாக அடிப்பதுதான் கொல்லு வேலை என்று இரண்டு வருடம் நினைத்திருந்தேன். அந்த ஒரு காலையில் என் கை மாறியது. இரும்பு கருஞ்சிவப்புக்கு இறங்கியதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உலைக்குத் திரும்ப இப்போது எனக்குத் தெரிகிறது. ஐயா, அன்றைக்கு நீங்கள் சுருட்டியதுதான் கீழ்க் கீலின் கண். அதை நான் மாற்றி அடிக்கவே இல்லை.

டானிங்டன் வெல்டிங் கடைத் தம்பிக்கு ஒரு நன்றி, என்னைத் திட்டியதற்காக. பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை உலையில் வைத்துவிட்டேன். துத்தநாகம் பூசிய குழாய். வெள்ளைப் புகை வந்தது, அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும். மறுநாள் அவரிடம் சொன்னபோது முகம் சிவந்துவிட்டார். துத்தநாகப் புகை என்ன செய்யும் என்று சொல்லி, இனிமேல் எந்த இரும்பானாலும் பூச்சு இருக்கிறதா என்று தன்னிடம் காட்டிவிட்டுத்தான் உலையில் வைக்க வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டார். புதிதாக இந்த வேலைக்கு வருகிற யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மணிக்கட்டில் சுட்டுக்கொண்டபோது 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்து வைக்கச் சொல்லி, பற்பசையெல்லாம் தடவக் கூடாது என்று கட்டுப் போட்டுவிட்ட நர்ஸ் அக்காவுக்கும் நன்றி. தழும்பு சின்னதாகத்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? இந்தச் சரிவில் ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தால் நாலு வீட்டில் கேட்கும். பட்டடையில் சுத்தியல் விழும் சத்தம் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகும். அவர்கள் வீட்டுப் பையனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அவர்கள் கேட்கவில்லை, நானே இரண்டு மாதம் உலையை மூட்டவில்லை. கடைசித் தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் அவனே வந்தான். கையில் ஒரு நீளமான இரும்புச் சங்கிலி. "அத்தை, இதைப் பட்டடையோட இடுப்புல சுத்துங்க, அடியில மணல் பெட்டி வைங்க, சத்தம் குறையும்" என்றான். இரண்டையும் அவனே செய்தான். கணீர் என்ற சத்தம் போய்விட்டது. வெறும் டொக் டொக் மட்டும்தான் இப்போது.

ஆசாரி அண்ணன் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்காமல் ஒரு ஆணி கூட அடிக்க விடவில்லை. மேல் முளை கீழ் முளைக்கு நேராக இல்லை, 4 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. அப்படியே விட்டிருந்தால் கதவு தானாகத் திறந்து ஆடும். மறுபடி காய்ச்சி நிமிர்த்தினேன், அவர் பொறுமையாகக் காத்திருந்தார். கண் மாட்டுகிற தண்டு கீழ் முளையில் மேல் முளையைவிட அரை அங்குலம் நீளமாக இருக்கட்டும் என்று சொன்னதும் அவர்தான். கனமான கதவை இரண்டு முளையிலும் ஒரே நேரத்தில் ஏற்ற முடியாது. முதலில் கீழ்க் கண் ஏறி உட்கார்ந்துகொண்டால், மேல் கண்ணை நிதானமாக நேர்ப்படுத்தலாம். இரண்டு பேர் போதும் என்று ஆகிவிட்டது.

குஞ்சப்பனைப் பக்கத்தில் தேன் எடுக்கும் குடும்பத்தார் கொடுத்த தேன்மெழுகுதான் கீலின் மேல் இருக்கிறது. இரும்பு கருத்து, ஆனால் மெழுகு பட்டால் புகைகிற சூட்டில் இருக்கும்போது, கம்பித் தூரிகையால் செதிலைத் தேய்த்துவிட்டுப் பூச வேண்டும். கொஞ்சம் ஆளி விதை எண்ணெயும் சேர்த்தேன். பெயின்ட் அடிக்கவில்லை. மார்கழிப் பனி விடிய விடிய நனைக்கிறது, துரு இன்னும் வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை பூச வேண்டியிருக்கும்.

அம்மா. எழுபத்தொரு வயதில் கைச்சக்கரத் துருத்தியைச் சுற்றியவர். நான் பட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். "போதும், எடு" என்று அவர் சொன்ன நேரமெல்லாம் சரியான நேரம். விறகடுப்பில் வாழ்நாள் முழுக்கச் சமைத்தவருக்கு அது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டையின் கடைசி நுனியை வெற்றிலை மாதிரி விரிக்கச் சொன்னவரும் அவர்தான். வருகிறவர்கள் தடவிப் பார்ப்பது அந்த வெற்றிலையைத்தான்.

மேல் வீட்டு அத்தைக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாட்டுக் கொட்டகைக் கதவின் அகலத்தை இந்த வாரம் அளந்து சொல்லுங்கள். எம்எஸ் பட்டை வாங்கி வைத்துவிட்டேன். மாட்டுப் பொங்கலுக்கு முன்னால் கதவு நிற்க வேண்டும்.

ஐயாவுக்கு: உங்கள் அப்பாவின் குறடு என்னிடம்தான் இருக்கிறது. தளர்ந்திருந்த ஆணியை மாற்றி, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுவருகிறேன், வீட்டில் இருங்கள்.