ஒன்பது பாரில் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவீன மேற்கத்திய இசை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் ‘ஆறு சிறு பியானோ துண்டுகள்’ (ஓபஸ் 19, அதாவது படைப்பு எண் 19) பன்னிரண்டு சுர முறையில், அதாவது பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் அடுக்கி அந்த வரிசைப்படியே, கணக்குப் போட்டு எழுதியவை என்கிறது கட்டுரை. இது தவறு. அந்த முறையை அவர் வகுத்தது 1920களின் தொடக்கத்தில்தான். இவை 1911இல் எழுதியவை. முதல் ஐந்தையும் பிப்ரவரி 19 அன்று ஒரே நாளில் முடித்துவிட்டார். கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒரு நாளில் ஐந்து வருமா? தன் இசை சுருக்கமாக இருக்க வேண்டும், கட்டி எழுப்பியதாக இல்லாமல் உணர்ச்சியின் வெளிப்பாடாக இருக்க வேண்டும் என்று 1909லேயே இசையமைப்பாளர் புசோனிக்குக் கடிதம் எழுதியவர் அவர்.

சரி, ஆண்டுக் குழப்பம் யாருக்கும் வரும். ‘உணர்ச்சியற்ற இசை’ என்று அடுத்த வரியிலேயே தீர்ப்பு எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் பியானோ சொல்லித்தருபவள். ஆறாவது துண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1911 மே 18 அன்று இசையமைப்பாளர் மாலர் இறந்தார். ஷோன்பெர்க்குக்கு அவர் பெரிய துணையாக இருந்தவர். ஜூன் 17 அன்று எழுதிய இந்தத் துண்டு அந்தத் துக்கத்தில் பிறந்தது என்றே சொல்வார்கள். மாலரை அடக்கம் செய்ததை ஷோன்பெர்க் ஓவியமாகவும் தீட்டியிருக்கிறார்.

மொத்தமே 9 பார் (தாளக் கட்டம்). வலது கையில் ஏ, எஃப் ஷார்ப், பி என்று மூன்று சுரம் சேர்ந்த ஒரு கார்டு. அதை விடாமல் பிடித்திருக்கும்போதே இடது கையில் ஜி, சி, எஃப். தூரத்து மணியோசை போல இவை திரும்பத் திரும்ப வரும். வேகம் இல்லை, விரல் வித்தையும் இல்லை. ஆனாலும் நன்றாக வாசிக்கும் மாணவர்களே இங்கே திணறுவார்கள். கொஞ்சம் மெதுவாக அழுத்தினால் கட்டை இறங்கும், சத்தம் வராது. கொஞ்சம் கூடினால் துண்டே கெட்டுப்போகும். மூன்று சுரமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் ஒலிக்க வேண்டும். கடைசியில் அடிச்சுரத்தில் பி ஃபிளாட்டிலிருந்து ஏ ஃபிளாட்டுக்கு ஓர் இறக்கம். அங்கே மிக மிக மெதுவான ஒலிக்கான ‘pppp’ குறியைப் போட்டு, ‘ஒரு மூச்சைப் போல’ என்று குறிப்பும் எழுதியிருக்கிறார். உணர்ச்சி இல்லாதவர் இப்படிக் கேட்பாரா?

அப்புறம், பெரிதாக எழுத வராததால் சிறிதாக எழுதினார் என்ற பேச்சும் இருக்கிறது. மாபெரும் இசைக்குழுவும் பாடகர் குழுக்களும் வேண்டிய ‘குர்ரெலீடர்’ படைப்பை அவர் எழுதி முடித்ததும் அதே 1911இல்தான்.

எல்லாத் துண்டும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லவில்லை. நான்காவது இன்றுவரை மனதில் ஒட்டவில்லை.

திருத்தம் ஒன்று வெளியிடுங்கள். பன்னிரண்டு சுர முறை பற்றித்தான் எழுத வேண்டுமென்றால் அவருடைய ஓபஸ் 25 பியானோ தொகுப்பு இருக்கிறது. கட்டுரையாளர் அதை எடுத்துக்கொள்ளட்டும். அதிலும் உணர்ச்சி இல்லை என்று எழுதினால் என்னிடமிருந்து இன்னொரு கடிதம் வரும்.

இப்படிக்கு,
ஒரு பியானோ ஆசிரியை