இளநீரைக் காய்ச்சாமல் பாட்டிலில் அடைப்பது பற்றி, பொள்ளாச்சி நண்பனுக்கு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்தில் நாலு பக்கம் கையால் எழுதி அனுப்புகிறவன் நீ ஒருத்தன்தான். அதற்குப் போனில் பதில் சொல்வது முறையில்லை, அதனால் நானும் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள், கீழே ஒரு பொருளை வைக்க விடுவதில்லை. தங்கச்சிக்கு சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். கேட்க நிம்மதியாக இருந்தது.

தோப்பைப் பற்றி எழுதியதுதான் மனசை என்னவோ செய்தது. வெள்ளை ஈயோடு போராடி முடிப்பதற்குள் வாடல் நோய் வந்துவிட்டது என்கிறாய். உங்கப்பா வைத்த மரங்களை வெட்டிச் சாய்ப்பது என்றால் சும்மாவா? பாப்பா வேலையை விட்டுவிட்டு வந்து, இருக்கிற காய்க்காவது நல்ல விலை கிடைக்கட்டும் என்று இளநீரைப் பாட்டிலில் அடைக்கப் பார்ப்பதாக எழுதியதைப் படித்ததும், எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடு.

அவள் கேட்டது இரண்டு. காய்ச்சாமல் வைக்க முடியுமா? ரசாயனம் சேர்க்காமல் கிராம்பு, பட்டை மாதிரி நம்ம வீட்டுப் பொருளை வைத்தே கிருமியை அடக்க முடியுமா? காய்ச்சாமல் வைக்கலாம், அதில் சந்தேகம் வேண்டாம். காய்ச்சினால் இளநீரின் மணமே போய்விடும் என்பது உனக்கே தெரியும். ஆனால் ஏதாவது ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு, மற்றதை விட்டுவிடலாம் என்று நினைத்தால் ஆபத்து. ஒவ்வொரு முறையும் ஒரு வகைக் கிருமியைத்தான் நிறுத்தும், இன்னொரு வகை அதைத் தாண்டி வந்துவிடும்.

முதலில் கிருமி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கணும். அடிபடாத காய்க்குள் இருக்கும் நீரில் கிருமி கிடையாது. கெடுவது வெட்டும் இடத்தில்தான். நம்ம ஊரில் காய் வெட்டுவதைக் கவனித்துப் பார். தரையில் குவித்த காயை எடுத்து, மட்டையில் மண்ணோடு அப்படியே சீவுவார்கள். அரிவாள் முதலில் அந்த மண்ணில் பட்டு, மட்டையை அறுத்து, கடைசி வெட்டில் ஓட்டைத் திறக்கும். அதே அலகின் நுனிதான் நீரைத் தொடும். பிறகு அதை ஈரச் சாக்கில் ஒரு துடை துடைத்துவிட்டு அடுத்த காய். வெயில் ஏற ஏற அந்தச் சாக்கில் என்னென்ன வளரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காயை மண் போகக் கழுவி, குளோரின் தண்ணீரில் முக்கி, நீர் வடிந்த பிறகு சீவ ஓர் அரிவாள், திறக்க வேறொரு சுத்தமான கத்தி என்று பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. மண்ணோடு குளோரினில் முக்கினால் பயனில்லை, அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். கழுவுவது முதலில், முக்குவது பிறகு.

இன்னொன்று. சீவிய காயை அப்படியே வெளியூருக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தாள். குளிரில் வைக்க முடியாவிட்டால் வேண்டவே வேண்டாம். டென்மார்க்கில் ஒருவர், சீவிய தேங்காய் ஒன்றைப் பல நாள் ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்திருந்து, அதன் நீரைக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்து, ருசி சரியில்லை என்று துப்பாத குறையாக நிறுத்திவிட்டார். அப்படியும் மறுநாளே இறந்துபோனார். உள்ளே வளர்ந்திருந்த பூஞ்சையின் நஞ்சு அது.

சரி, பாட்டிலுக்கு வருவோம். அவள் கேள்விப்பட்ட ஹெச்.பி.பி. என்பது உயர் அழுத்த முறை. பாட்டிலில் அடைத்து மூடிய பிறகு, பாட்டில்களை நீண்ட உருளைக் கூடையில் அடுக்கி, கனமான எஃகுக் குழாய்க்குள் தள்ளி, சுற்றிலும் தண்ணீரை நிரப்பி அழுத்துவார்கள். 600 மெகாபாஸ்கல் வரை போகும். நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 6,000 மடங்கு. கடலிலேயே ஆழமான மரியானா அகழியின் அடியில் இருப்பதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். அந்த அழுத்தத்தில் தண்ணீரே தன் கன அளவில் ஏழில் ஒரு பங்கு சுருங்கும். இருந்தும் பாட்டில் நசுங்காது, எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அழுத்துவதால். மூன்று நிமிஷம் வைத்து விட்டதும் பழைய அளவுக்கே வந்துவிடும். கண்ணாடி தாங்காது, பிளாஸ்டிக்தான் வேண்டும். வெளியே பார்த்தால் எதுவும் நடந்த மாதிரியே தெரியாது. கூடையிலிருந்து எடுக்கும்போது வெளியே ஈரம் இருக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான பாக்டீரியாவின் சவ்வும் புரதமும் சிதைந்திருக்கும். மணமும் வைட்டமினும் சின்ன மூலக்கூறுகள் என்பதால் அவற்றை அழுத்தம் அதிகம் தொடாது. அதனால்தான் ருசி அப்படியே இருக்கிறது. இது புதுசும் இல்லை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹைட் என்பவர் 1899லேயே பாலை இப்படி அழுத்தி, அது புளிப்பது தள்ளிப்போவதைக் காட்டிவிட்டார். ஜப்பானில் 1990ல் ஜாம் விற்பனைக்கு வந்த பிறகுதான் இது தொழிலானது.

ஈ.கோலை, சால்மொனெல்லா, லிஸ்டீரியா என்று உணவு வழியாக நோய் தரும் பாக்டீரியாக்களுக்கு இந்த அழுத்தம் போதும். காய்ச்சாத பழச்சாற்றில் இவை என்ன செய்யும் என்பதை உலகம் 1996ல் பார்த்தது. அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் காய்ச்சாத ஆப்பிள் ஜூஸைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஈ.கோலை ஓ157 தொற்று வந்தது, ஒரு கைக்குழந்தை இறந்தது. ஆப்பிள் ஜூஸ் புளிப்பானது, அதில் கிருமி தாங்காது என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். 2001ல் அங்கே ஒரு விதி வந்தது: எந்த முறையை வேண்டுமானாலும் கையாளு, ஆனால் மோசமான கிருமி ஒரு லட்சம் இருந்தால் ஒன்றாகக் குறைய வேண்டும். காய்ச்சித்தான் ஆக வேண்டும் என்று சொல்லாமல், விளைவைக் கேட்டது அந்த விதி. மிக நல்ல விதி என்பேன். அழுத்தமும் புறஊதா ஒளியும் பழச்சாறுத் தொழிலுக்குள் வர அது வழிவிட்டது. கூடவே ஒன்றைக் கவனிக்கச் சொல் பாப்பாவிடம்: லட்சம் ஒன்றாகும் என்றால், கோடியில் ஆரம்பித்தால் நூறு மிஞ்சும். அரிவாளையும் சாக்கையும் பற்றி நான் அவ்வளவு சொன்னது அதனால்தான்.

இனி முக்கியமான இடம். இளநீர் ஆப்பிள் ஜூஸ் மாதிரி புளிப்பு இல்லை. புளிப்பை அளக்கும் எண்ணைப் பி.எச். என்பார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். இளநீரின் பி.எச். 5ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். 4.6க்கு மேலே போனாலே கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் வளர முடியும். மண்ணில் வாழ்கிற கிருமி அது. கஷ்ட காலம் வந்தால் ஸ்போர் என்ற கெட்டி ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். காற்றில்லாத மூடிய பாட்டிலில் நிலைமை ஒத்துவந்தால் முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சைக் கக்கும். அழுத்தம் இந்த ஸ்போரை ஒன்றும் செய்யாது. 600 இல்லை, 1,000 மெகாபாஸ்கல் கொடுத்தாலும் சாதாரண வெப்பத்தில் பிழைத்துக்கொள்ளும். அதைவிட மோசம், அதோடு போட்டி போடும் மற்ற கிருமிகளை அழுத்தம் கொன்றுவிடுவதால், பாட்டில் கெட்டுப்போனது வாசத்தில் தெரியாமலே போகலாம். 2006ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேர் கேரட் ஜூஸ் குடித்து இந்த நோயில் விழுந்தார்கள். அது காய்ச்சிய ஜூஸ்தான், ஃப்ரிட்ஜில் வைத்து விற்க வேண்டியதுதான். கேரட் ஜூஸும் புளிப்பில்லாதது. வழியில் எங்கோ குளிர் விட்டுப்போயிருக்கிறது, அது போதுமானதாக இருந்தது. அதன் பிறகுதான், புளிப்பில்லாத சாற்றை வெறும் குளிரை மட்டும் நம்பி விற்காதீர்கள், இன்னொரு தடையும் வையுங்கள் என்று அமெரிக்க அரசு 2007ல் வழிகாட்டுதல் கொடுத்தது. இளநீர் விற்கிற ஒவ்வொருவரும் இந்த ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த இன்னொரு தடை கிராம்பாக இருக்கலாமே என்பாள். கிராம்பில் இருக்கும் யூஜினால் பாக்டீரியாவின் சவ்வைக் குலைக்கும், உண்மைதான். பட்டை, ஓமம் இவற்றின் எண்ணெய்களும் அப்படியே. ஆய்வுக்கூடத்துக் குழாயில் பார்த்தால் அசத்தலாக இருக்கும். ஆனால் கிருமி சாகிற அளவுக்குக் கிராம்பெண்ணெய் போட்டால் இளநீர் பல் டாக்டர் அறை மாதிரி மணக்கும். யார் குடிப்பார்கள்? குடிக்கிற மாதிரி குறைத்தால் கிருமிக்கு உறைக்காது. கொழுப்பும் புரதமும் உள்ள உணவில் இன்னும் கஷ்டம், எண்ணெயின் பாதி அவற்றோடு ஒட்டிக்கொண்டுவிடும். பொடியாகவோ முழுசாகவோ மசாலாவை அப்படியே போடலாம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். மசாலாவே கிருமியைச் சுமந்து வரும். 2009-10ல் அமெரிக்காவில் 272 பேருக்கு சால்மொனெல்லா வந்தது இறைச்சித் துண்டின் மேலே தூவிய மிளகால்.

நைசின் வேறு விஷயம். பாலைப் புளிக்கவைக்கிற லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியா, தன் போட்டியாளர்களைக் கொல்ல உண்டாக்கும் சின்னப் புரதம். உலக அளவில் 1969லேயே உணவுக்கு ஏற்றதென்று ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டிலும் டின் ரசகுல்லாவுக்கு விதியில் இடம் உண்டு. வயிற்றுக்குள் போனால் மற்றப் புரதம் மாதிரி செரித்துவிடும். லிஸ்டீரியாவைத் தாக்கும், ஸ்போர் முளைத்து வளர்வதையும் தடுக்கும். ஆனால் ஈ.கோலை, சால்மொனெல்லாவுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு இருக்கிறது, நைசின் அதைத் தாண்டாது. அழுத்தம் அந்தச் சவ்வைக் கிழித்துவிட்டால் தாண்டும். இப்படி ஒன்று இன்னொன்றுக்கு வழிதிறந்து கொடுப்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த விஷயம். ஜெர்மனியின் உணவு விஞ்ஞானி லைஸ்ட்னர் இதைத் தடை ஓட்டத்தின் தடைகளாகச் சொன்னார். ஒவ்வொரு தடையும் சின்னதாக இருந்தாலும், எல்லாவற்றையும் தாண்ட கிருமிக்குத் தெம்பு இருக்காது.

என் யோசனை எலுமிச்சை. இளநீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பது நமக்குப் புதுசில்லை, விற்கவும் செய்யும். பி.எச். 4.6க்குக் கீழே, பத்திரத்துக்கு 4.2 வரை இறக்கிவிட்டால் பொட்டுலினம் முளைக்காது. அடிபட்டுப் பிழைத்த ஈ.கோலை தேறி எழுவதையும் புளிப்பு கஷ்டமாக்கும். நைசினும் புளிப்பில்தான் நன்றாக வேலை செய்யும். எலுமிச்சையின் வைட்டமின் சி, இளநீர் ரோஸ் நிறமாவதையும் தள்ளிப்போடும். அந்த நிறம் கிருமியால் வருவதில்லை, காய்க்குள் இருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. அழுத்தத்துக்கும் அது முழுசாக அடங்காது.

எலுமிச்சை வேண்டாம், சுத்த இளநீர்தான் என்று பாப்பா பிடிவாதம் பிடித்தால், நாளைக் குறைத்துக்கொள்ளட்டும். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு சிறு உற்பத்தியாளர்களுக்காகவே ஒரு முறையைச் சொல்லியிருக்கிறது: வடிகட்டி, அடைத்து, உடனே குளிரவைத்து, 4 டிகிரியில் வைத்தால் பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை தாங்கும். நான் பத்து நாளைத் தாண்ட விடமாட்டேன். இங்கிலாந்தில் காற்றில்லாமல் அடைத்த குளிர் உணவுக்கு, வேறு தடை இல்லையென்றால், அவர்கள் வைத்திருக்கும் கணக்கும் பத்து நாள்தான். பொள்ளாச்சியில் அடைத்துக் கோயம்புத்தூர் கடையில் வைக்க அது தாராளம். துபாய்க்கு அனுப்பத்தான் ஆசை என்றால் எலுமிச்சையும் அழுத்தமும் குளிரும் மூன்றும் சேர்ந்தே வேண்டும்.

அழுத்த இயந்திரத்தை வாங்கும் எண்ணமே வேண்டாம், கோடிக்கணக்கில் போகும். கூலிக்கு அழுத்திக் கொடுப்பவர்களைத் தேடலாம். அந்தக் காசில் ஒரு பங்கை முதலில் குளிர் அறைக்கும், வண்டியில் வெப்பத்தைப் பதிவு செய்யும் சின்னக் கருவிக்கும் போடு. கடைக்காரர் ராத்திரி ஃப்ரிட்ஜை அணைக்கிறாரா என்று அந்தக் கருவிதான் சொல்லும். அப்புறம், பாட்டிலில் ‘இயற்கையானது’ என்று பெரிசாகப் போடுவதைவிட ‘4 டிகிரிக்குக் கீழே வைக்கவும்’ என்பதைப் பெரிசாகப் போடச் சொல்.

தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில், தொழில் தொடங்குகிறவர்கள் சின்ன அளவில் செய்து பார்க்கவும் பரிசோதிக்கவும் வசதி இருக்கிறது. அவளைக் கூட்டிக்கொண்டு போ, நானும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு நல்ல பி.எச். மீட்டர் வாங்கி, நெட்டை, குட்டை, வயசான மரம், இளமரம் என்று தனித்தனியாக அளந்து குறித்து அனுப்பச் சொல். காய் முற்ற முற்ற எப்படி மாறுகிறது என்பதும் வேண்டும். எவ்வளவு எலுமிச்சை என்பதை அந்தக் கணக்கு வந்த பிறகுதான் சொல்ல முடியும்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் கூட்டாளி