இடைவெளி குறைகிறது என்று போடுவதற்கு முன்: யாழ்ப்பாணத்துச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர்களுக்கும் இணையச் செய்தித்தளங்களை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029 இல்தான் வரவேண்டும். பிரசாரம் சூடு பிடித்துவிட்டால், தேர்தல் கருத்துக்கணிப்புகளை எப்படிச் செய்தியாக்குவது என்பது பற்றிய இப்படியொரு மடலை வாசிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தல் நேரத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையில் பேப்பர் வாசிக்க வந்தவர்கள் கொள்கை விளக்கப் பக்கங்களைத் திருப்பியே பார்க்கவில்லை. பேச்செல்லாம் யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்பதுதான். வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது. மூன்று வேட்பாளர்களின் தலைகள், அவற்றின் கீழே தசமப் புள்ளியோடு சதவீதங்கள், மேலே சிவப்பில் 'இடைவெளி குறைகிறது!' என்று ஒரு வரி. யார் எடுத்த கணிப்பு, எந்தத் திகதியில், எத்தனை பேரிடம், எந்த மொழியில் கேட்டார்கள், ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில் அதே தலைகளோடு வேறு எண்கள் வந்தன. உங்களில் சிலருடைய தளங்களிலும் அது அப்படியே ஏறியது. பார்த்த ஒரு பெரியவர், "நான் அரியநேத்திரனுக்குப் போடுறதெண்டு இருந்தனான், இப்ப இழுபறியாம், மாத்தித்தான் போடவேணும்" என்றார். அரியநேத்திரன் அந்தத் தேர்தலில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர். மனதில் இருந்த தெரிவை ஊர் பேர் தெரியாத ஒரு படம் அசைத்துவிட்டது. அவர் யாருக்குப் போட்டால் என்ன, அது அவருடைய உரிமை. ஆனால் எதை நம்பி மாற்றினார் என்பதுதான் என் கவலை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் பதிவான வாக்காளர்கள் 1 கோடியே 71 இலட்சத்துக்குச் சற்று மேல். கிளிநொச்சியையும் சேர்த்து யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 5 இலட்சத்து 93 ஆயிரம். ஆயிரம் பேரிடம் எடுக்கும் ஒரு கணிப்பு மக்கள்தொகைக்கு ஏற்ப நியாயமாகப் பிரித்துக் கேட்டாலும், எங்கள் பங்குக்கு 35 பேர்தான் வருவார்கள். ஆயிரம் பேரின் பதிலில் பிழை எல்லை, அதாவது உண்மை நிலை கணிப்பிலிருந்து விலகியிருக்கக்கூடிய அளவு, கூட்டியும் குறைத்தும் 3 புள்ளி என்றால், 35 பேரின் பதிலில் அது 17 புள்ளி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது ஒரே அடுப்பில் வெந்த ஒரே பானைக்குத்தான் சரி. அந்தத் தேர்தலில் வென்ற அநுரகுமார திசாநாயக்க நாடளாவிய ரீதியில் 42.31 சதவீதம் எடுத்த அதே நாளில் யாழ்ப்பாணத்தில் அவருக்கு விழுந்தது 7.29 சதவீதம். இங்கே போட்டி வேறு இருவருக்கிடையில் நடந்தது: சஜித் பிரேமதாசவுக்கு 121,177 வாக்குகள், பா. அரியநேத்திரனுக்கு 116,688. வித்தியாசம் 4,489. அந்தப் போட்டியைப் பற்றிக் கொழும்பிலிருந்து வந்த எந்தத் தேசியக் கணிப்பாலும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

'குறைகிறது' என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். சென்ற வாரம் 8 புள்ளி முன்னிலை, இந்த வாரம் 5 என்றால் உடனே தலைப்பு தயார். ஒருவருடைய பங்கில் 3 புள்ளி பிழை இருக்கலாமென்றால், இருவருக்கிடையிலான இடைவெளியில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எட்டு ஐந்தாவதற்கு ஒரு வாக்காளர்கூட மனம் மாறியிருக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் இதைக் கண் முன்னே பார்த்தார்கள். 2012 ஒக்டோபர் 3 இல் நடந்த முதல் விவாதத்தில் ஒபாமா சோர்ந்து தெரிந்தார், கணிப்புகளில் அவரை எதிர்த்து நின்ற ரொம்னி எட்டிப் பிடித்தார், ஆதரவாளர்கள் பதறிப் போனார்கள். பின்னர் ஆராய்ந்தவர்கள் காட்டியது என்னவென்றால், அந்த மாற்றத்தில் பெரும்பகுதி மனம் மாறியதால் வந்ததல்ல. உற்சாகமான ரொம்னி ஆதரவாளர்கள் கேள்விக்குக் கூடுதலாகப் பதில் சொன்னார்கள், மனம் சோர்ந்த ஒபாமா ஆதரவாளர்கள் பதில் சொல்லாமல் ஒதுங்கினார்கள். ஒபாமா ஏறக்குறைய 4 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். மறுபக்கமும் உண்டு. 2024 இல் வாக்களிப்புக்குச் சில நாட்களுக்கு முன் அயோவா மாநிலத்தில் பெயர் பெற்ற ஒரு கணிப்பு கமலா ஹாரிஸை 3 புள்ளி முன்னுக்குக் காட்டியது. ட்ரம்ப் அங்கே 13 புள்ளியால் வென்றார். ஒற்றைக் கணிப்பைத் தூக்கிப் பிடிப்பவர் யாராக இருந்தாலும் ஒருநாள் இப்படி விழத்தான் வேண்டும்.

கணிப்புகளே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. மனங்கள் உண்மையாகவே மாறுவதுமுண்டு. செப்டெம்பரில் இங்கே 27,086 வாக்குகள் பெற்ற அநுரவின் தேசிய மக்கள் சக்தி, நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் 80,830 எடுத்து யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைப் பிடித்தது. ஒழுங்காகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். கொழும்பிலுள்ள சுகாதாரக் கொள்கை நிறுவனம் தன் கணிப்புகளை மாதிரி அளவோடும் பிழை எல்லையோடும்தான் வெளியிட்டது. தமிழில் செய்தியாகும்போது அந்த வரிகள்தான் முதலில் வெட்டுப்படுகின்றன. இடம் போதாது என்பீர்கள். சரி, இரண்டு வரிக்குமா இடமில்லை?

அப்புறம் இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிது. எங்கள் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு வரிசை இடலாம். மனதுக்குப் பிடித்தவருக்கு 1, வெல்லக்கூடியவர்களில் பரவாயில்லை என்று நினைப்பவருக்கு 2. இழுபறிச் செய்தியைக் கண்டு முதல் தெரிவைக் கைவிட அந்தப் பெரியவருக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. யாரும் பாதிக்கு மேல் எடுக்காவிட்டால், முதலிருவரைத் தவிர்ந்த மற்றவர்களின் சீட்டுகளில் அந்த இருவருக்கும் இட்ட விருப்புகளை எண்ணிச் சேர்ப்பார்கள். 2024 இல்தான் இந்த நாட்டு வரலாற்றில் முதல் தடவையாக இந்த இரண்டாம் சுற்று எண்ணிக்கை நடந்தது. முதலிரு இடங்களுக்கு வெளியே இருந்தவர்களுக்கு விழுந்தவை 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். அவற்றிலிருந்து அநுரவுக்கு 105,264 உம் சஜித்துக்கு 167,867 உம் மட்டுமே விருப்பு வாக்குகளாகப் போய்ச் சேர்ந்தன. நூற்றுக்கு எட்டுப் பேர் அளவுதான். வேண்டுமென்றே 2 போடாதவர்கள் இருப்பார்கள், அது அவர்கள் முடிவு. போடலாம் என்பதே தெரியாமல் வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர்? தினமும் யார் முன்னுக்கு என்று போட்ட பக்கத்தில் ஒரு மாதிரி வாக்குச்சீட்டை அச்சடித்திருக்கலாமே.

நெருக்கமான போட்டி என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். 2005 ஜனாதிபதித் தேர்தலில் நாட்டின் முடிவு 180,786 வாக்குகளில் தீர்ந்தது. புலிகளின் தேர்தல் புறக்கணிப்பின் நடுவே யாழ்ப்பாணத்தில் அன்று வாக்களித்தவர்கள் 1.21 சதவீதம். எத்தனை பேர் போகிறார்கள் என்பதுதான் அன்று எல்லாவற்றையும் தீர்மானித்தது.

ஆகவே கேட்கிறேன். அடுத்த தடவை ஒரு கணிப்பு உங்கள் மேசைக்கு வந்தால், எடுத்தவர் பெயர், திகதி, எத்தனை பேர், வடக்கில் எத்தனை பேர், தமிழில் கேட்டார்களா என்பதைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே போடுங்கள். இவற்றில் எதுவும் கிடைக்காவிட்டால் அதைப் பிரசுரிக்காதீர்கள். முந்தைய கணிப்பை விட இரண்டு மூன்று புள்ளி மாறியிருந்தால் 'பெரிய மாற்றமில்லை' என்று எழுதுங்கள், அதுவும் செய்திதான். மாதிரி வாக்குச்சீட்டை நீங்கள் முழுப்பக்கத்தில் அச்சிட்டால், அதை எங்கள் வாசிகசாலைச் சுவரில் ஒட்டி, வருபவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
வலிகாமத்திலிருந்து ஒரு வாசகர்