சோதனைக்குப் பிறகும் மாதிரி மிஞ்ச வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கஞ்சாவும் வலி நிவாரணி மாத்திரைகளும் பிடிபடும் செய்திகள் தங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. பிடிபட்ட பொருளின் எடை எழுதப்படுகிறது. ஒருவர் போதைப்பொருளை உட்கொண்டாரா என்பதை அவரது இரத்தத்திலும் சிறுநீரிலும் எப்படிக் கண்டறிகிறார்கள் என்பது எழுதப்படுவதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைக் குறித்து எழுதுகிறேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது, சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை அவர் அபின் வகைப் பொருளை உட்கொண்டதாகக் காட்டியது. அவர் உட்கொண்டது, மருத்துவர் எழுதிக் கொடுத்த, கோடீன் கலந்த இருமல் மருந்து. கோடீன் உடலுக்குள் சென்றதும் அதில் ஒரு பகுதி, அபினின் முக்கிய வேதிப்பொருளான மார்ஃபினாக மாறுகிறது. மறுசோதனை கேட்டபோது மாதிரி ஏற்கெனவே கொட்டப்பட்டிருந்தது; வேலையும் போயிற்று. நாம் குருமாவுக்கு அரைத்து ஊற்றும் கசகசாவும் சிறுநீரில் மார்ஃபினைக் காட்டக்கூடியது. இதைக் கருதியே அமெரிக்க அரசு 1998-இல் உட்கொண்டதாகக் கொள்வதற்கான மார்ஃபின் வரம்பைச் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 நானோகிராமாக உயர்த்தியது. மறுபுறம், இப்போது பெரிதும் பேசப்படும் டேபென்டடால் என்ற வலி நிவாரணி மாத்திரையை அபின் வகைக்கான இந்தப் பட்டை காட்டிக் கொடுப்பதில்லை. ஆகவே பட்டையின் முடிவு சந்தேகத்துக்கு மட்டுமே இடம் தரும். அதைத் தண்டனைக்கு ஆதாரமாக்க முடியாது.

ஹெராயின் உட்கொண்டவரின் உடலில் மட்டும் உண்டாகும் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் என்ற பொருளைக் கண்டால் ஐயம் தீரும். ஆனால் அது சிறுநீரில் சில மணி நேரமே, அதுவும் மிகச் சிறிய அளவில் தங்கும். அதைப் பிடிக்க வேண்டுமானால் மாதிரியிலிருந்து பிரித்துச் செறிவாக்கி, மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியில் செலுத்த வேண்டும். பிரிபுனலில் கரைப்பானை ஊற்றிக் குலுக்கும் பழைய முறை மில்லிலிட்டர் கணக்கில் இரத்தத்தையும் கரைப்பானையும் விழுங்கிவிடும். பிணக்கூறாய்வில் சில நேரம் கிடைக்கும் இரத்தமே அவ்வளவுதான்.

இதற்கு மாற்று, மிகச் சிறிய அளவு மாதிரியையும் கரைப்பானையும் கொண்டு பிரித்தெடுக்கும் நுண்பிரித்தெடுப்பு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜானுஸ் பாவ்லிஷின் குழுவினர் 1990-இல் வெளியிட்ட திண்மநிலை முறையில், பலபடி (பாலிமர்) பூசிய ஒரு சென்டிமீட்டர் இழை போதைப்பொருளைத் தன்மேல் ஈர்த்துக்கொள்கிறது. அதை நேராகக் கருவியில் சூடாக்கினால் போதும், கரைப்பானே வேண்டியதில்லை. 2006-இல் ஈரானிய ஆய்வாளர்கள் கண்ட முறையில், மைக்ரோலிட்டர் கணக்கில் எடுத்த கரைப்பான் மாதிரிக்குள் பனிமூட்டம்போல் பரவி, சுழற்றியதும் அடியில் துளியாகத் திரள்கிறது. ஊசிக்குழலுக்குள் ஓரிரு மில்லிகிராம் உறிஞ்சுபொருளை அடைத்துச் செய்யும் முறையும் உண்டு. இழை எளிதில் ஒடியும், விலையும் கூடுதல். முந்தைய மாதிரியின் எச்சம் அடுத்ததில் ஏறிவிடும் அபாயமும் இருக்கிறது. வெளிமாவட்ட ஆய்வகங்களுக்கு இரண்டாவது முறை பொருந்தும் என்பது என் கருத்து. மைய விலக்குக் கருவியும் பழகிய கையும் இருந்தால் தொடங்கிவிடலாம். இரத்தமானால் புரதத்தை முதலில் வீழ்படிவாக்கி நீக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் முறையைத் தனித்தனியே சரிபார்க்கவும் வேண்டும். அந்த உழைப்பைத் தவிர்த்துவிட்டு வெளியிடும் முடிவு நீதிமன்றத்தில் நிற்காது.

1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) 27-ஆவது பிரிவின்படி ஹெராயினோ கோகெய்னோ உட்கொண்டவருக்கு ஓராண்டு வரை கடுங்காவல் விதிக்கலாம். அத்தகைய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் மறுசோதனை கேட்டால் கொடுக்க மாதிரி இருந்தாக வேண்டும். இரத்தம் இரண்டு மில்லிலிட்டரே கிடைத்தாலும், நுண்பிரித்தெடுப்பில் அதில் பாதியை முத்திரையிட்டு உறைகுளிரில் வைக்க இயலும்.

1849-இலேயே இரசாயனப் பகுப்பாய்வு ஆய்வகம் கண்டது சென்னை. அம்மரபில் வந்த நம் தடய அறிவியல் துறை, இம்முறைகளைச் சரிபார்க்கும் பணியில் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளையும் இப்பகுதிக் கல்லூரிகளின் வேதியியல் துறைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், மாதிரியின் ஒரு பகுதியை வழக்கு முடியும்வரை காப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
கிருஷ்ணகிரி.